மேகநாத் சாகா: மாதம் பதினொரு ரூபாய்

நுழையும்முன்

விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பநிலையை அறிய வழிகாட்டியவர் என்று இயற்பியல் நூல்கள் மேகநாத் சாகாவைப் போற்றுகின்றன. அவர் கல்லூரி வாயிலை அடைந்த கதை அந்நூல்களில் இடம்பெறுவதில்லை. வீட்டில் எவரும் உயர்கல்வியை எட்டிப் பார்த்திராத ஒரு சிறுவன், ஒவ்வொரு மாதச் செலவுக்கும் வழிதேடிக்கொண்டே நுழைவுத் தேர்வுவரை நடந்த கதை அது.

பிறப்பும் பெயரும்

இன்றைய வங்காளதேச நாட்டில், டாக்கா நகரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சியோராதலி என்னும் சிற்றூர். 1893ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் அவ்வூரில் மேகநாத் பிறந்தார். தந்தை செகந்நாத் சாகா. தாய் புவனேசுவரி தேவி. எட்டுக் குழந்தைகளுள் இவர் ஐந்தாமவர். பிறந்தபோது இடியும் மழையுமாக இருந்தமையால் மேகங்களுக்குத் தலைவனான இந்திரனைக் குறிக்கும் பெயரைப் பெரியோர் சூட்டினர். பிற்காலத்தில் அவர் அப்பெயரின் ஓர் ஒலியை மாற்றி, இந்திரனை வென்ற இந்திரசித்தின் பெயராக்கிக்கொண்டார். தமிழ் எழுத்தில் இரண்டு பெயர்களும் ஒன்றுபோலவே அமையும்; வங்க மொழியில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். கம்பராமாயணம் கற்றோர்க்கு மேகநாதன் இராவணனின் மைந்தன். வங்கத்திலோ மைக்கேல் மதுசூதன தத்தர் அவனையே தலைவனாகக் கொண்டு ஒரு காப்பியம் பாடியிருந்தார். தேவர்கோமானின் பெயரை விட்டு, அவனை எதிர்த்தவனின் பெயரை ஒருவர் விரும்பி ஏற்றது தற்செயல் என்று கொள்வதற்கில்லை. அதன் காரணத்தை அவருடைய மாணவப்பருவமே காட்டும்.

தந்தை நடத்தியது சிறு மளிகைக்கடை. அதன் வருவாய் பெருங்குடும்பத்தின் வயிற்றுக்கே போதாது. அவர்கள் சார்ந்திருந்த வணிகக்குடி, அக்காலச் சாதியடுக்கில் தாழ்ந்ததாகக் கருதப்பட்டது. ஊரோ வெள்ளம் சூழும் தாழ்நிலத்தில் இருந்தது. மழைக்காலத்தில் படகின்றி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்ல இயலாது. ஊரில் தொடக்கப்பள்ளி மட்டுமே இருந்தது.

கடையா, பள்ளியா?

தொடக்கப்பள்ளிப் படிப்பு முடிந்ததும் மேகநாத்தைக் கடையில் அமர்த்திவிடத் தந்தை எண்ணினார். இதைக் கல்வியின் அருமை அறியாதவரின் முடிவு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அவர் முடிவுக்குப் பின்னால் ஓர் அனுபவம் இருந்தது. மூத்த மகன் செயநாத்தை அவர் பள்ளிக்கு அனுப்பிப் பார்த்தவர்தான். அவர் பள்ளியிறுதித் தேர்வில் வெற்றிபெறவில்லை. சணல் நிறுவனம் ஒன்றில் மாதம் 20 ரூபாய் ஊதியத்திற்குப் பணியாற்றச் சென்றார். பல ஆண்டுகள் செலவிட்டுப் படிக்கவைத்தும் முடிவு இதுதானெனில், அடுத்தவனையும் ஏன் அனுப்ப வேண்டும் என்று ஓர் ஏழைக் கடைக்காரர் கணக்கிட்டதில் வியப்பில்லை. ஒரு மகனைப் பள்ளிக்கு அனுப்புவதென்றால் கட்டணம் மட்டுமன்று, கடையில் அவன் செய்யும் வேலையும் இழப்பாகும்.

அக்கணக்கை மாற்றியவர்கள் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள். சிறுவனின் நினைவாற்றலையும் கணக்கில் அவனுக்கிருந்த வேகத்தையும் அறிந்திருந்த அவர்கள் தந்தையிடம் எடுத்துரைத்தனர். செயநாத்தும் தம்பிக்காகப் பேசினார். தாம் எழுதித் தோற்ற தேர்வைத் தம்பி எழுத வேண்டும் என்று அவர் விரும்பினார்; விருப்பத்தைச் சொல்லோடு நிறுத்தாமல் பிற்காலத்தில் தம் ஊதியத்தில் ஒரு பங்கையும் கொடுத்தார். தந்தை இசைந்தார்.

இசைந்தபின் எழுந்தது அடுத்த வினா. ஆங்கிலம் கற்பிக்கும் நடுநிலைப்பள்ளி, ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த சிமுலியாவில் இருந்தது. நாள்தோறும் சென்று திரும்ப முடியாத தொலைவு. விடுதியில் தங்கிப் படிக்கப் பணமில்லை. சிமுலியாவில் மருத்துவத்தொழில் செய்துவந்த அனந்தகுமார் தாசு தம் வீட்டில் இடமளிக்க முன்வந்தார். உணவுக்கும் உறைவிடத்துக்கும் அவர் பணம் கேட்கவில்லை. வீட்டுப் பசுவைப் பேண வேண்டும். உண்ட தட்டைத் தானே கழுவிக்கொள்ள வேண்டும் என்பனவே அவர் கூறியவை.

பசுவைப் பேணுதல் உழைப்பு. தட்டைத் தனியே கழுவுதல் அத்தகையதன்று. சாதியால் தாழ்ந்தவன் உண்ட கலத்தைப் பிறர் தொடலாகாது என்னும் வழக்கம் அதனுள் இருந்தது. உதவி செய்த நல்லுள்ளமும் அவ்வழக்கத்தினின்று விடுபடவில்லை. நிபந்தனையை மறைத்து உதவியை மட்டும் போற்றுவதும், உதவியை மறந்து நிபந்தனையை மட்டும் தூற்றுவதும் முழு உண்மையாகா. அந்த வீடு இல்லையெனில் மேகநாத்தின் படிப்பு அவ்வாண்டே நின்றிருக்கும். அவர் பசுவையும் பார்த்துக்கொண்டார், தட்டையும் கழுவினார், பாடத்தையும் படித்தார். மருத்துவரின் உதவியைப் பிற்காலத்திலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். தட்டையும் மறந்தாரில்லை என்பதை, சாதி வேற்றுமைக்கு எதிராக அவர் இறுதிவரை காட்டிய உறுதியிலிருந்து அறியலாம்.

டாக்காவில் ஒரு மாதத்தின் கணக்கு

நடுநிலைப்பள்ளித் தேர்வில் மேகநாத் டாக்கா மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். அதன் பயனாக மாதம் 4 ரூபாய் அரசு உதவித்தொகை கிடைத்தது. 1905ஆம் ஆண்டு டாக்கா கல்லூரிப்பள்ளி என வழங்கிய புகழ்பெற்ற அரசுப் பள்ளியில் கட்டணமின்றிச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு.

நகர வாழ்க்கைக்கு 4 ரூபாய் போதவில்லை. செயநாத் தம் 20 ரூபாய் ஊதியத்திலிருந்து மாதம் 5 ரூபாய் அனுப்பினார். நான்கில் ஒரு பங்கு. கிழக்கு வங்க வைசியர் சங்கம் 2 ரூபாய் வழங்கியது. ஆக, மாதம் பதினொரு ரூபாய். உணவு, வாடகை, ஏடு, எழுதுகோல், விளக்கெண்ணெய் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். இம்மூன்றுள் எது நின்றாலும் படிப்பு ஆட்டம் காணும். பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மாதம் பணம் தாமதமாக வருவது சிறு தொல்லை. மேகநாத் போன்றவர்க்கோ ஊர் திரும்பும் படகில் ஏறுவதாகவே அது முடியும்.

அந்த ஆண்டிலேயே ஒன்று நின்றது.

1905ஆம் ஆண்டு அக்டோபரில் ஆங்கில அரசு வங்கத்தை இரண்டாகப் பிரித்தது. டாக்கா, புதிதாக அமைந்த கிழக்கு வங்க–அசாம் மாகாணத்தின் தலைநகராயிற்று. பிரிவினையை எதிர்த்து மாணவர்களும் மக்களும் கிளர்ந்தெழுந்தனர். மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் பாம்பீல்டு புல்லர் பள்ளிக்கு வருகைதந்தபோது மாணவர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். மேகநாத் அன்று வெறுங்காலுடன் வந்திருந்ததே ஆளுநரை அவமதித்ததாகக் கொள்ளப்பட்டது என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். சிற்றூரிலிருந்து வந்த ஏழைச் சிறுவர் பலர்க்கு வெறுங்கால் எதிர்ப்பின் அடையாளமாக வேண்டியதில்லை. அதுவே அவர்களின் அன்றாடக் கோலம். எவ்வாறாயினும் அவர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். கட்டணச் சலுகை போயிற்று. 4 ரூபாய் உதவித்தொகையும் போயிற்று.

ஊர் திரும்பியிருந்தால் கடை காத்திருந்தது. தந்தையின் பழைய கணக்கே சரியென்று முடிந்திருக்கும். டாக்காவில் இருந்த கிசோரிலால் சூபிலி பள்ளி என்னும் தனியார் பள்ளி அவருக்கு இடமளித்தது. கட்டண விலக்கும் உதவித்தொகையும் தந்தது. அரசு மூடிய கதவுக்கு எதிரே ஒரு தனியார் பள்ளி தன் கதவைத் திறந்துவைத்த காரணத்தால் ஓர் அறிவியலாளர் நாட்டிற்குக் கிடைத்தார்.

நுழைவுத் தேர்வு

அக்காலத்தில் டாக்காவில் பல்கலைக்கழகம் இல்லை. 1921ஆம் ஆண்டில்தான் அது தொடங்கப்பட்டது. கல்லூரியில் சேர விரும்பிய மாணவர் அனைவரும் கல்கத்தாப் பல்கலைக்கழகம் நடத்திய நுழைவுத் தேர்வில் வெற்றிபெற வேண்டும். டாக்காவின் சிறு தனியார் பள்ளி மாணவரும் கல்கத்தாவின் பெருங்குடிப் பிள்ளைகளும் அதே வினாத்தாளுக்கே விடை எழுதினர்.

இத்தேர்வுக்கு மேகநாத் ஆயத்தமான முறை கருதத்தக்கது. கணக்கில் அவருக்கு இயல்பான ஆற்றல் இருந்தது. ஆயின் கணக்கு மட்டும் அவரைக் கல்லூரியில் சேர்த்துவிடாது. ஆங்கிலம், வங்கம், வடமொழி ஆகியவற்றிலும் தேற வேண்டும். வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் இல்லை. தவற்றைத் திருத்தும் தமையனோ தந்தையோ அருகில் இல்லை. எங்கே கற்க வாய்ப்புக் கிடைத்தாலும் அங்கே சென்று அமர்வதே அவர் கண்ட வழி. டாக்காவில் பாப்டிசுட்டு கிறித்தவச் சபையினர் கட்டணமின்றி விவிலிய வகுப்பு நடத்திவந்தனர். இந்துக் குடும்பத்தைச் சேர்ந்த மேகநாத் அவ்வகுப்பில் சேர்ந்து பயின்றார். சபையினர் நடத்திய தேர்வில் முதலிடம் பெற்று 100 ரூபாய் பரிசும் வென்றார். அண்ணனின் ஐந்து மாத ஊதியத்திற்கு ஈடான தொகை அது. மதம் கருதாது அறிவையும் பரிசையும் தேடிச் சென்ற அச்சிறுவனின் துணிவு, இன்று படிப்போர்க்கும் புன்முறுவலை வரவழைக்கும்.

1909ஆம் ஆண்டு நுழைவுத் தேர்வு முடிவுகள் வெளிவந்தன. கிழக்கு வங்க மாணவர்களுள் மேகநாத் முதலிடம் பெற்றிருந்தார். கணிதத்தில் மட்டுமன்றி மொழிப்பாடங்களிலும் அவர் மதிப்பெண் உயர்ந்திருந்தது. செயநாத் எந்தத் தேர்வில் நின்றுபோனாரோ அதைத் தம்பி கடந்துவிட்டார். சணல் நிறுவனக் கணக்கேட்டின் முன் அமர்ந்திருந்த அண்ணன் அச்செய்தியை எவ்வாறு கேட்டார் என்பதை எந்த நூலும் பதிவுசெய்யவில்லை. அவர் அனுப்பிய ஐந்து ரூபாய்களை மட்டும் எல்லா நூல்களும் பதிவுசெய்துள்ளன.

கல்லூரியும் ஒரு புதிய மொழியும்

டாக்கா கல்லூரியில் இடைநிலை அறிவியல் வகுப்பில் மேகநாத் சேர்ந்தார். இங்கே அவர் எடுத்த ஒரு முடிவு வேடிக்கையாகத் தோன்றியிருக்கக்கூடும். கட்டாயப் பாடங்களே மிகுதியாக இருக்க, கூடுதல் பாடமாகச் செருமானிய மொழியைத் தேர்ந்துகொண்டார். அதற்குக் கல்லூரியில் முறையான வகுப்பு இல்லை. வியன்னாவில் பயின்று திரும்பியிருந்த வேதியியல் பேராசிரியர் நகேந்திரநாத் சென் அவருக்கு அம்மொழியைக் கற்பித்தார். அன்றைய அறிவியலின் முதன்மையான ஆய்வுகள் செருமானிய மொழியில் வெளிவந்துகொண்டிருந்தன. ஆங்கிலமே அரிதாயிருந்த ஊரிலிருந்து வந்தவர், பிற மாணவர் எண்ணிப் பாராத ஒரு மொழியையும் கற்றார். இதன் பயன் பத்தாண்டுகளுக்குப்பின் விளங்கிற்று.

1911ஆம் ஆண்டு இடைநிலைத் தேர்வில் பல்கலைக்கழக அளவில் மூன்றாமிடம் பெற்றுக் கல்கத்தா மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். சகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர இரேயும் அங்கே ஆசிரியர்கள். சத்தியேந்திரநாத் போசு, ஞானசந்திர கோசு ஆகியோர் உடன்பயின்றோர். இத்தகைய அறிஞர் கூட்டத்தில் இடம்பெற்றபின் தட்டு கழுவிய நாள்கள் முடிந்துவிட்டன என்று அவர் எண்ணியிருக்கலாம். அவர் தங்கிய ஈடன் இந்து விடுதியில், உயர்சாதி மாணவர் சிலர் அவருடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண மறுத்தனர். விடுதியில் கலைமகள் பூசை நடந்தபோது அவரைப் பூசைக்கூடத்தினுள் விடவில்லை. கலைமகளை வணங்கத் தகுதியற்றவர் என்று அவர்கள் கருதியவர், கலைமகளின் தேர்வில் அவர்களுள் பெரும்பாலோரை முந்தியிருந்தார். இந்திரனின் பெயரை அவர் ஏன் விட்டார் என்பது இங்கே புரிகிறது.

1913ஆம் ஆண்டு கணிதத்தில் இளநிலைச் சிறப்புப் பட்டத்தையும், 1915ஆம் ஆண்டு பயன்முறைக் கணிதத்தில் முதுநிலைப் பட்டத்தையும் பெற்றார். இரண்டு தேர்வுகளிலும் சத்தியேந்திரநாத் போசு முதலிடம், சாகா இரண்டாமிடம். போட்டியாளர் இருவரும் வாழ்நாள் நண்பராயினர்.

பட்டம் பெற்றவுடன் வறுமை அகலவில்லை. அரசின் நிதித்துறைத் தேர்வு எழுதி நிலையான பணியில் அமர அவர் விரும்பினார். விடுதலைப் புரட்சியாளருடன் தொடர்புடையவர் என்னும் ஐயத்தால் தேர்வெழுத இசைவு மறுக்கப்பட்டது. தம் செலவுக்கும் உடனிருந்து படித்த தம்பியின் செலவுக்கும் பணம் வேண்டும். காலையும் மாலையும் மிதிவண்டியில் கல்கத்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சென்று மாணவர் வீடுகளில் பாடம் சொல்லிக்கொடுத்தார். அண்ணன் தமக்குச் செய்ததை அவர் தம்பிக்குச் செய்தார்.

விண்மீன்களை நோக்கி

1916ஆம் ஆண்டு, முன்னர்த் துணைவேந்தராக விளங்கிய அசுதோசு முகர்சி, புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் சாகாவையும் போசையும் விரிவுரையாளராக அமர்த்தினார். கணிதம் பயின்ற இருவரும் விரைவிலேயே இயற்பியல் கற்பிக்க வேண்டியவராயினர். புதிய இயற்பியல் நூல்கள் கல்கத்தாவில் எளிதில் கிடைக்கவில்லை. முதல் உலகப்போர் ஐரோப்பியத் தொடர்பையும் அறுத்திருந்தது. சிவபூர்ப் பொறியியல் கல்லூரியில் பணியாற்றிய புரூல் என்னும் பேராசிரியரிடம் செருமானிய நூல்கள் இருந்தன. டாக்காவில் கற்ற மொழி கைகொடுத்தது. ஐன்சுடைனும் மின்கோவ்சுகியும் எழுதிய சார்பியல் கட்டுரைகளைச் சாகாவும் போசும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920ஆம் ஆண்டு அதனை நூலாக வெளியிட்டது.

அதே ஆண்டில் சாகாவின் பெயரை நிலைநாட்டிய ஆய்வு இலண்டனின் பிலசாபிகல் மேகசின் இதழில் வெளிவந்தது. கதிரவனின் ஒளியையும் விண்மீன்களின் ஒளியையும் நிறமாலையாகப் பிரித்தால் அதில் பல கோடுகள் தோன்றும். ஒவ்வொரு கோடும் ஒரு தனிமத்தைக் குறிக்கும். ஒரு விண்மீனில் வலிமையாகத் தோன்றும் கோடு மற்றொன்றில் மங்கலாகத் தோன்றுவது ஏன் என்பது அறிஞர்க்குப் புதிராயிருந்தது. வெப்பம் மிகும்போது அணுவிலிருந்து எலக்ட்ரான் பிரிகிறது. அழுத்தம் மிகும்போது அப்பிரிவு தடைப்படுகிறது. எவ்வளவு வெப்பத்திலும் அழுத்தத்திலும் எத்தனை அணுக்கள் இவ்வாறு அயனியாகும் என்பதைக் கணக்கிட ஒரு சமன்பாட்டைச் சாகா வகுத்தார். கோடுகளின் வேறுபாட்டுக்கு வெப்பநிலை வேறுபாடே முதன்மைக் காரணம் என்பது அதனால் தெளிவாயிற்று. 1925ஆம் ஆண்டு செசிலியா பெய்ன் என்னும் பெண் அறிவியலாளர் இச்சமன்பாட்டைக் கொண்டே விண்மீன்களில் ஐதரசன் மிகுந்திருப்பதைக் கண்டார். 1927இல் இலண்டன் அரச கழகம் சாகாவைத் தன் உறுப்பினராக ஏற்றது.

அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் பேராசிரியராகப் பணியாற்றிய ஆண்டுகளில் அவர் ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. வெள்ளத்தில் வளர்ந்தவர் ஆகையால் ஆறுகளைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். தாமோதர் ஆற்றுத் திட்டம் உருவாக அவருடைய எழுத்துகள் துணைநின்றன. 1952ஆம் ஆண்டு கல்கத்தாவிலிருந்து கட்சி சாராத வேட்பாளராக நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்டுப் பிரிவினையால் கிழக்கு வங்கத்திலிருந்து வீடிழந்து வந்தோருக்காகக் குரல்கொடுத்தார். அவர்கள் விட்டுவந்த நிலத்தில்தான் சியோராதலியும் இருந்தது.

நாடெங்கும் வழங்கிய பலவகை நாட்காட்டிகளை ஆராய்ந்து ஒழுங்குசெய்ய அரசு அமைத்த குழுவிற்கு அவரே தலைவர். 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள், புதுதில்லியில் திட்டக்குழு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் உயிர்நீத்தார். அவர் குழு பரிந்துரைத்த சக ஆண்டு நாட்காட்டி 1957ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசிதழின் முகப்பில் ஆங்கில நாளுக்கு அருகே இன்றும் சக ஆண்டு நாள் அச்சிடப்படுகிறது.